களியக்காவிளை விலாசம்

இஞ்சிவிளையில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் அரை ஆள் கேரளம், அரை ஆள் தமிழ்நாடு. ரேஷன் கார்டு இந்தப் பக்கம் கேரளத்தில், மீன் சந்தை அந்தப் பக்கம் தமிழ்நாட்டில். பிள்ளைப்பேறு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், கல்யாணப் பட்டு மார்த்தாண்டத்தில். பாறசாலையிலிருந்து வரும் ரோடு எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்பது லாரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அதனால்தான் லிஜியின் ஆதார் கார்டில் அந்தப் பக்கத்துக் களியக்காவிளைச் சித்தி வீட்டு விலாசம் ஏறியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சித்தி லேகாவின் வீட்டுக்கு நடந்து போனால் கால் மணி நேரம். ரப்பர் வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த லிஜியின் அப்பா சுந்தரதாஸ், "அங்கயும் நம்ம வீடுதானே மக்கா" என்றார். அம்மா சாராம்மா அடுப்பில் வேலையாக இருந்தாள். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

லிஜிக்கு அப்போது பதினைந்து வயது. எட்டாம் வகுப்பிலிருந்து கபடி ஆடியவள். அகலத் தோள், பிடித்தால் விடாத கை. கல்யாண வயது வந்தால் இந்தத் தோளை எங்கே ஒளித்து வைப்பது என்று சாராம்மாவுக்குக் கவலை. சுந்தரதாஸுக்கு இருந்தது வேறு நினைப்பு. தன் பிள்ளை வெயிலில் வேகாமல் ஒரு சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் வீட்டிலோ, அவருடைய அப்பன் வீட்டிலோ அப்படி உட்கார்ந்தவர் ஒருத்தரும் கிடையாது.

அந்த நாற்காலிக்கு வழி சொன்னவர் கனகதாஸ். பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். ஊர்க்காரர்களுடைய விண்ணப்பம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். அதனால் எந்தச் சர்டிபிகேட்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

"அண்ணே, கபடியில உங்க பிள்ள கெழவி ஆனாலும் இந்தியாவுக்கு ஆட ஒக்காது. அதில ஆளு அவ்வளவு. ரக்பின்னு ஒரு களி உண்டு. நீளப் பந்து. ஆட ஆளே இல்ல. ரெண்டு வருஷம் ஓடினா இந்தியா ஜெர்ஸி. ஜெர்ஸி கிட்டினா ஸ்போர்ட்ஸ் கோட்டா. கோட்டாவில ஜோலி. நான் சும்ம பறையல்ல, கேட்டியளா."

நம் நாட்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ரக்பிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். பந்தைப் பார்த்து மயங்கி வந்தவர்கள் இல்லை. வரிசை சின்னதாக இருக்கிற கவுண்டரைப் பார்த்துப் போய் நிற்பவர்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை. வரிசையைப் பார்க்காமல் நிற்கிற வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் லிஜிக்கு அந்த ஆட்டம் உண்மையாகவே பிடித்துவிட்டது. கபடியில் மூச்சை அடக்க வேண்டும். இதில் மூச்சு வெடிக்க ஓடலாம். எதிரில் வருகிறவளின் இடுப்பில் தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் தொடையைக் கட்டி, மண்ணில் சாய்க்கிற அந்த நொடியில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெண்பிள்ளை ஒருத்தி, ஆளைத் தள்ளுவதில் எனக்குச் சந்தோஷம் என்று இஞ்சிவிளையில் சொல்ல முடியுமா.

முதல் வருடம் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள அணித் தேர்வில் அவளை மாற்று ஆட்டக்காரியாக உட்கார வைத்தார்கள். அவளோடு உட்கார்ந்தவள் சுமி, அமரவிளைக்காரி, காற்றைப் போல ஓடுகிறவள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தே சிநேகிதமானார்கள். அதே மாதம் மார்த்தாண்டம் பக்கத்து கிளப் ஒன்றில் இரண்டு ஆள் குறைகிறது என்று தகவல் வந்தது. தமிழ்நாட்டு ஜூனியர் அணிக்கு அங்கிருந்து ஆள் எடுப்பார்கள், ஆனால் தமிழ்நாட்டு விலாசம் வேண்டும். லிஜிக்குக் களியக்காவிளையில் சித்தி. சுமிக்குப் பளுகலில் தாய்மாமன். கனகதாஸ் இரண்டு பேருக்கும் ஒரே உட்காரலில் விலாசம் மாற்றிக் கொடுத்தார். பொய் சொல்கிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சித்தி வீட்டில் லிஜிக்கு ஒரு பாயும் தட்டும் எப்போதும் உண்டு. அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்.

தேசிய ஜூனியர் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்றாம் இடம் பிடித்தார்கள். பன்னிரண்டு பேர் அணி. அதில் பிஜி என்று ஒருத்தி, குமரி மாவட்டத்து நீரோடிக் கடற்கரைக்காரி. ஓக்கிப் புயலில் கடலுக்குப் போன அப்பன் திரும்பி வராத வீடு. ரயிலில் இரண்டு நாள் லிஜிக்கும் சுமிக்கும் தன் டப்பாவிலிருந்து கருவாட்டுப் பொடி போட்டே சோறு ஊட்டினவள். இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் முன்னால் நின்று மோதுகிற இடம் அவளுடையது. மோதி எழுந்தவுடன் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிப்பாள்.

அடுத்து இந்திய இளையோர் அணிக்கான முகாம். மூன்று பேருக்கும் அழைப்பு வந்தது. மூன்றாம் நாள் பிஜியைத் திருப்பி அனுப்பினார்கள், வேகம் போதாது என்று. அவள் அழவில்லை. லிஜியின் பூட்ஸ் பிளந்து கிடந்ததைப் பார்த்து, தன் பூட்ஸைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தாள்.

"எனக்கு இனி இது எதுக்கு. உனக்கு அளவு சரியாக்கும், போட்டுக்க" என்றாள். செருப்போடு ரயிலேறிப் போனாள்.

லிஜியும் சுமியும் இந்தியாவுக்குத் தேர்வானார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டி, ஏழு பேர் ஆட்டம். கடல் கடந்து போனார்கள். ஏழு நிமிடம் ஒரு பாதி, ஏழு நிமிடம் மறுபாதி. பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிற ஆட்டத்துக்கு இரண்டு வருடம் ஓடியிருந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரிகள் நாற்பத்தொரு புள்ளி எடுத்தார்கள், நம்மவர்கள் பூஜ்யம். அந்தப் பிள்ளைகள் எட்டு வயதிலிருந்து பந்து பிடிக்கிறவர்கள். ஒவ்வொருத்தியின் முழங்காலையும் தொட்டுப் பார்க்கத் தனி ஆள். நம் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டியும், அதன் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற மேனேஜரும். ஆனாலும் நம் பிள்ளைகள் மோதினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள், அதற்கடுத்ததிலும். அரையிறுதியில் தோற்றார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு முன்பு, மதியச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஓடியது. எதிரணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெடல் கிடைத்தால் உன் மாநிலத்தில் என்ன கொடுப்பார்கள் என்பதுதான் பேச்சு. ஒருத்தியின் ஊரில் நேராக வேலையாம். இன்னொருத்திக்கு ஹாஸ்டல் இடம் இன்னும் மூன்று வருடம் நீளுமாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி, "எங்க ஊர்ல ஒண்ணும் கிடையாது. அம்மா இலை பறிக்கிறா, நானும் பறிப்பேன்" என்று அரைகுறை ஹிந்தியில் சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்தாள். உனக்கு எந்த மாநிலம் என்று லிஜியைக் கேட்டார்கள். "ரெண்டும்" என்றாள் அவள். மேஜையே சிரித்தது. இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்வாள், கெட்டிக்காரி என்றார்கள். லிஜியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த ஆட்டத்தில் சுமி இரண்டு டிரை வைத்தாள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ஐந்து புள்ளி, அதன் பின் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் இரண்டு. நம் உதை ஒன்று உள்ளே போனது, அவர்களுடையது இரண்டும் வெளியே. பன்னிரண்டுக்குப் பத்து என்று நின்றபோது கடைசி நிமிடம். அவர்களில் ஒரு நெட்டைக்காரி ஓரத்தைப் பிடித்து ஓட ஆரம்பித்தாள். எல்லோரும் நின்றுவிட்டார்கள். லிஜி மட்டும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே ஓடினாள். கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டினாள். இரண்டு பேரும் உருண்டார்கள், பந்து கை நழுவிப் போனது. விசில் அடித்தபோது லிஜியின் கன்னம் புல்லில் கிடந்தது. பல்லில் மண், கண்ணில் நீர். இப்போது அப்பா நாற்காலியில் உட்காருவார் என்று நினைத்தாள். உட்காரப் போவது தான்தான் என்பது ஒரு நிமிடம் கழித்தே நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது இஞ்சிவிளை முக்கில் மலையாளத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், நாட்டின் பொன்மகள் என்று. கொஞ்ச தூரம் தள்ளிக் களியக்காவிளையில் தமிழில் ஒரு ஃப்ளெக்ஸ், குமரி மண்ணின் தங்கமங்கை என்று. வாங்கினது வெண்கலம். இரண்டு மாநிலமும் சேர்ந்து அதைத் தங்கமாக்கிவிட்டது. வார்டு மெம்பர் பொன்னாடை போட்டார், அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் சுவர்க்கடிகாரம் கொடுத்தார். இரண்டு பேச்சிலும், இவள் எங்க பிள்ளையாக்கும் என்று வந்தது. கனகதாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கூட்டத்திலும் கைதட்டினார்.

அதற்குப் பிறகு கைதட்டல் இல்லை. வயது பதினெட்டைத் தாண்டியதும் இளையோர் அணியின் கதவு அடைபட்டது. பெரியவர்கள் அணியின் இடங்களில் பழைய ஆட்கள் இன்னும் ஐந்து வருடம் நிற்பார்கள். அந்த வெண்கலம் வாங்கின பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் முதலில் போட்டோக்கள் வந்தன, பிறகு கல்யாணப் பத்திரிகைகள், பிறகு எங்காவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்ற செய்திகள். ஒருத்தி சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். ஒருத்தி முழங்கால் போய் வீட்டில் இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்துக்காரி குழுவை விட்டே போய்விட்டாள். நாட்டுக்காக ஆடினவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

லிஜி கல்லூரியை முடித்துவிட்டு முதலில் தமிழ்நாட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எழுதிப் போட்டாள். நேரில் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிறந்தது?"

"நெய்யாற்றின்கரை."

"படிச்சது?"

"பாறசாலை."

"அப்போ தமிழ்நாட்டில உனக்கு என்னம்மா இருக்கு?"

"சித்தி உண்டு, சார்" என்றாள் லிஜி.

அவர் சிரிக்கவில்லை. இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே படித்திருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். அதே நாளில் பிஜியின் காகிதம் எடுபட்டது. இந்தியாவுக்கு ஆடாதவள், கையில் இருந்ததெல்லாம் தேசியப் போட்டியின் அந்த மூன்றாம் இடச் சர்டிபிகேட் ஒன்றுதான். அவளைப் போலீஸில் எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். லிஜி பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் முழுக்கப் பட்டாள். மறுநாள் போன் செய்து சந்தோஷம் சொன்னாள்.

பிறகு கேரளத்தில் விளையாட்டுக்காரர்களுக்கான வேலை அறிவிப்பு வந்தது. ரக்பிக்கு ஒரே இடம். விண்ணப்பித்தவர்களில் இந்தியாவுக்கு ஆடினவர்கள் இரண்டே பேர், லிஜியும் சுமியும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸிலிருந்து இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். லிஜியிடம் பேசிய கிளார்க் நரைத்த தலைக்காரர், நல்ல மனிதர். கெடுதல் எல்லாம் நல்ல மனிதர் வாயால் வரும்போது திட்டக்கூட வழியில்லை.

"மோளே, ஒரு வழியுண்டு" என்றார்.

இந்தியாவுக்கு ஆடினதற்கு இங்கே மதிப்பு உண்டு. ஆனால் ஆள் கேரளத்துக்காரியாக இருக்க வேண்டும். உன் பதிவெல்லாம் தமிழ்நாட்டு விலாசத்தில் கிடக்கிறது. பிறந்ததிலிருந்து இஞ்சிவிளையில்தான் இருக்கிறாள் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சர்டிபிகேட் வாங்கு. கூடவே, களியக்காவிளையில் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை, ஆடுவதற்காக மட்டும் அந்த விலாசம் கொடுத்தேன் என்று நீ கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் கொடு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்தால் போதும், இரண்டு பேரில் முதலில் கொடுக்கிறவளுக்கு முன்னுரிமை. அந்தப் பத்திரம் பிறகு எங்கே போகும் என்று லிஜி கேட்டாள். ஒரு காப்பி விளையாட்டுச் சங்கத்துக்குப் போகும், அது முறை என்றார் அவர். அங்கே போனால் என்ன ஆகும்? கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளி மாநில ஆளை வைத்து ஆடின அணி என்று ஆகும். அந்த மூன்றாம் இடம் போகும், அதை வைத்து எடுத்த சர்டிபிகேட் எல்லாம் போகும்.

அவள் எழுத வேண்டியது முழு உண்மை, ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த உண்மையில் பிஜியின் காக்கிச் சட்டை கிழியும்.

வீட்டில் சொன்னபோது சுந்தரதாஸுக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் மறுநாளே வில்லேஜ் ஆபீஸுக்குப் போய் நின்று சர்டிபிகேட்டை வாங்கி வந்துவிட்டார். பத்திரத்தைக் கனகதாஸ் அடித்துக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"அப்பா, பிஜிக்க வேல போயிரும்."

"போனா அவளுக்கு வேற கிட்டும். உனக்கு வேற கிட்டுமா? யாருக்க வீட்டு அடுப்போ எரியணும்னு நீ நம்ம அடுப்பில வெள்ளம் ஊத்துவியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கி, "எனக்க கையப் பாரு மக்கா. நான் இன்னும் எத்தன வருஷம் மரத்துக்குப் பின்னால நடப்பேன்" என்றார். ரப்பர் பால் கறை பிடித்துக் கறுத்த கையை அவள் முன்னால் நீட்டினார். அவர் கேட்டதில் அநியாயம் எதுவுமில்லை.

லிஜி பிஜிக்குப் போன் செய்தாள். மறைத்து வைத்துப் பழக்கமில்லாதவள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பயிற்சி மைதானத்தின் இரைச்சல் கேட்டது.

"எழுதிராத பிள்ளே" என்றாள் பிஜி. "எனக்க அம்மைக்கு இப்பதான் ஒறக்கம் வருது."

"எழுத மாட்டேன். நீ பேடிக்காத."

அடுத்து சுமிக்கு.  அவளிடமும் அதே கிளார்க் அதையே சொல்லியிருந்தார். "நீ எழுதல்லேன்னா நானும் எழுதல்ல. சத்தியமா" என்றாள்.

இரண்டு பேரும் எழுதாவிட்டால் அந்த இடம் இந்தியாவுக்கு ஆடாத யாரோ ஒருத்திக்குப் போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் லிஜி ஃபைலை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று பிறகு அவளையே அவள் பலமுறை கேட்டாள். அப்பாவின் முகத்துக்கு முன்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, அது ஒன்று. கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு செத்துப் போகவில்லை, அது இன்னொன்று. ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்ச் கிடந்தது. ஃபைலை மடியில் வைத்து அதில் உட்கார்ந்தாள். மூன்று மணி, மூன்றரை. ஒருமுறை பேனாவை எடுத்துப் பத்திரத்தில் வைத்தே விட்டாள். லி என்ற எழுத்து விழுந்தது. நிறுத்திக்கொண்டாள். நாலே முக்காலுக்கு எழுந்து கவுண்டர் வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். ஒருவர் நகர்ந்தார். அவள் வரிசையை விட்டு விலகி, வெளியே வந்து, ரோட்டைக் கடந்து ஒரு டீ குடித்தாள். டீ முடியும்போது ஐந்து பத்து. நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கினதும் உண்மை, இனி வாழ்நாளுக்கும் எனக்கு ஒன்றுமில்லை என்று பயம் பிடித்ததும் உண்மை.

கொடுக்கவில்லை என்று வீட்டில் சொன்னாள். சுந்தரதாஸ் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் சாராம்மாவைத்தான் கேட்பார். லிஜி நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். சேலைக் கட்டுகளைத் தூக்கி மாடிக்கு ஏற்ற அந்தத் தோள் உதவியது. முதலாளி, ஆம்பிளைக்குச் சமம் என்று மெச்சினார்.

இரண்டு மாதம் போனது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிஜியின் போன் வந்தது.

"உனக்கு வேல கெடச்சாச்சா?" என்று கேட்டாள்.

"எந்த வேல?"

"என்னைய டிரெயினிங்ல இருந்து அனுப்பிட்டினும் பிள்ளே. பெட்டியும் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டில நிக்கேன். சர்டிபிகேட் செல்லாதாம். நம்ம டீமில உள்ள பிள்ளையே எழுதிக் குடுத்திருக்காம், எல்லையில உள்ள பிள்ள."

"நான் எழுதல்ல பிஜி. சத்தியமா நான் எழுதல்ல."

"எழுதணும்னு ஆபீஸில கேக்கினும்னு நீதானே எனக்க கிட்ட சொன்ன" என்றாள் பிஜி. கோபமே இல்லாத குரல். "வேற யாரும் என்னட்ட சொல்லல்ல. நீ மட்டும்தான் சொன்ன."

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை மணியும் அடிக்கவில்லை.

லிஜி முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அமரவிளைக்குப் போனாள். பழைய செக்போஸ்ட் தாண்டி இடதுபக்கம் சுமியின் வீடு. வாசலில் புதிய செருப்புகள், உள்ளே மேஜை மேல் லட்டு டப்பா. சுமியின் அம்மா, "வா மோளே, அறிஞ்சியா, சுமிக்கு ஆர்டர் வந்தாச்சு" என்று சிரித்த முகத்தோடு ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். சுமி உள் அறையிலிருந்து வந்தாள். லிஜியைக் கண்டதும் அவள் முகம் போன போக்கே போதும், கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் போய் நின்றார்கள்.

"எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே."

"நீயும்தானே பண்ணின" என்றாள் சுமி. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த கோபம் அவள் குரலில் வந்தது. "பின்ன எதுக்கு அன்னைக்கு அங்க வந்த? நான் வந்தது சும்ம பாக்கத்தான். நீ வாறியா இல்லியான்னு பாத்துட்டுப் போவலாம்னு. வந்தா, நீ அந்த பெஞ்சில இருக்க. மடியில ஃபைலு. கையில பேனா. நீ கையெழுத்து போட்டத நான் எனக்க ரெண்டு கண்ணாலயும் கண்டேன். நாலே முக்காலுக்கு நீ வரிசையில போய் நின்ன. நான் மறு பக்கத்து வாசல் வழியா ஓடி, நேரா சாருக்க மேசையில கொண்டு வச்சேன். உனக்கு முன்ன எத்தணும்னு. வேற நான் என்ன செய்யணும்?"

 சுமி சொல்வதில் எதுவும் பொய்யில்லை. பெஞ்சும் உண்மை, பேனாவும் உண்மை, வரிசையும் உண்மை.

"நான் குடுக்கல்ல" என்றாள். "வரிசையில இருந்து மாறிப் போயிட்டேன்."

சுமி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.  வீட்டுக்குள் யாரோ லட்டு டப்பாவைத் திறக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டது.

"பிஜிக்கு நான்தான்னு அறியுமா?" என்று கேட்டாள் சுமி.

"அவ நான்னு நெனச்சிருக்கா."

சுமியின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அழுகையா, உயிர் திரும்பி வந்த மூச்சா என்று லிஜியால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தோன்றியது.

"நான் அவளைக் கூப்பிட்டுப் பறையியேன்" என்றாள் சுமி. "உள்ளத உள்ளதுபோல பறையியேன். இன்னைக்கு வீடு நிறைய ஆளாக்கும். நாளைக்கு நானே கூப்பிடியேன்."

லிஜி கையில் இருந்த லட்டைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டு, ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். அது நடந்து மூன்று மாதம் ஆகிறது, சுமியின் அந்த நாளை இன்னும் வரவில்லை. துணிக்கடையில் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, கூட வேலை செய்கிற பிள்ளைகள் கேட்பார்கள், யாரையக்கா தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று. மணி அடிக்காத போனைக் காதில் வைத்தபடியே, நீரோடியில் ஒரு சிநேகிதி என்பாள்.